களம் பார்க்கப் போவது

அச்சரப்பாக்கம் ஆட்சீசுவரர் கோயிலின் தலபுராணம் ஒரு போர்க்கதை. முப்புரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காமல் புறப்பட்டதால் இந்த ஊரில் அச்சு முறிந்து நின்றது என்கிறது புராணம். தேர் நின்ற இடமே இங்கே தலமாயிற்று.

இந்த ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் எத்தனையோ உண்மைப் போர்க்களங்கள் கிடக்கின்றன. ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் கருங்குழிக் கோட்டையின் மிச்சம். 1759 டிசம்பரில் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிடித்தார். மேல்மருவத்தூரில் மேற்கே திரும்பினால் வந்தவாசி. கிழக்கே கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. அதன் எதிரே கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. காஞ்சிபுரத்தைத் தாண்டிப் புள்ளலூர், தாம்பரம் பக்கம் மணிமங்கலம். கல்கியின் நாவலில் வரும் போரைப் படித்துவிட்டு மணிமங்கலத்துக்கு வருகிறவர்கள் உண்டு. டிரோன் கேமராவோடு கோட்டைகளைச் சுற்றுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். மனிதர்கள் செத்துக் குவிந்த இடத்தை விடுமுறை நாளில் சுற்றிப் பார்ப்பது முறைதானா? அந்தச் சாவை உடை தைத்து, துப்பாக்கி வெடித்து, மீண்டும் நடித்துக் காட்டலாமா?

போவது தவறில்லை. போகாமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை உடைத்தது. இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. பாடநூலில் இது இரண்டு வரி. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் ஆண்டுக்கணக்கு. அந்தச் சமவெளியில் வெயிலில் நின்று பார்க்கிறவருக்கு வேறு சில கேள்விகள் எழும். இவ்வளவு குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து எடுத்தார்கள்? யார் வயலை மிதித்தார்கள்? இரு பக்கமும் நின்ற உள்நாட்டுச் சிப்பாய்கள் எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள்? லாலிக்கு என்ன ஆயிற்று என்பது தெரியும்: 1766இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டது. சிப்பாய்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

களத்துக்குப் போவதே உரிமைக்குரலாகும் இடமும் உண்டு. புணேக்கு அருகே கோரேகாவில் 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் படையோடு மோதிய கம்பெனிப் படையில் மகர் சிப்பாய்கள் பலர். அங்குள்ள தூணில் அவர்கள் பெயர்கள் உள்ளன. 1927இல் அம்பேத்கர் அங்கே போனார். இன்றும் புத்தாண்டு நாளில் தலித் மக்கள் திரள்கிறார்கள். வெள்ளைக்காரன் கொடி பிடித்துக் கிடைத்த வெற்றியைக் கொண்டாடலாமா என்று கேட்பது எளிது. கேட்பவரின் முன்னோருக்கு ஊருக்குள் நடக்கத் தடை இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மெட்ராஸ் படையிலும் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்களின் வழிவந்தவர் ஒருவர் இங்குள்ள ஒரு களத்துக்கு வந்து பெருமையோடு நின்றால், அவரைக் குறைசொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

ஆகவே எந்தக் கண்ணோடு போகிறோம் என்பதே கேள்வி. அதற்குப் புள்ளலூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவரை அங்கே அழித்தான் என்கிறது காசக்குடிச் செப்பேடு. பிறகு 1780 செப்டம்பர் 10. கம்பெனியின் கர்னல் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படையை மைசூரின் ஹைதரும் திப்புவும் சூழ்ந்தார்கள். காஞ்சியில் இருந்த தளபதி மன்றோவின் பெரும்படை வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன; பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். அங்குள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு இந்த வெற்றியைப் பெரிதாகத் தீட்டவைத்தார். அந்தப் போரைக் காட்டும் ஓவியம் ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது. 1781 ஆகஸ்டில் அதே இடத்தில் மீண்டும் போர். அதில் செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன.

திப்புவுக்குச் சுவரோவியம், ஆங்கில அதிகாரிகளுக்குத் தூண். செங்கல்பட்டுச் சீமையின் குடியானவர்களுக்கு என்ன? ஹைதரின் குதிரைப்படை ஊர்களை எரித்தது, ஏரிகள் பராமரிப்பின்றிப் போயின, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மதராசுக்கு ஓடினார்கள். 1782இல் அங்கே பஞ்சத்தில் வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். சென்னைவாசிகள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லிவந்த ஸ்டான்லி மருத்துவமனைக்கு வேர் அதுதான். அந்தப் போரைப் பற்றி இந்த மண்ணின் மக்கள் பக்கமிருந்து மிஞ்சிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கஞ்சித்தொட்டிதான். களம் பார்க்கப் போகிறவர்கள் அங்கே போவதில்லை.

நடித்துக் காட்டுவதற்கு வருவோம். 2015இல் வாட்டர்லூவின் இருநூறாம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் அந்தக்கால உடையில் அணிவகுத்துப் போரிட்டுக் காட்டினார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போரை இப்படி நடிப்பது வெகுகாலப் பழக்கம். அவர்களில் பலர் பொத்தான், தையல், துப்பாக்கிப் பூட்டுவரை துல்லியம் பார்ப்பவர்கள். அந்த உழைப்பை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் அந்தத் துல்லியம் துணியிலும் இரும்பிலும் முடிந்துவிடுகிறது. குடல் சரிந்தவனின் தாகம் அதில் இல்லை. செய்தி வந்த வீட்டின் முற்றம் அதில் இல்லை.

செங்கல்பட்டு, திருவண்ணாமலை வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டாம் போர் நாளன்று நடக்கும் துரியோதனன் படுகளமும் போரை நடித்துக் காட்டுவதுதான். திறந்தவெளியில் மல்லாந்து கிடக்கும் பிரமாண்டமான மண்ணுருவம். கூத்துக் கலைஞர்கள் வீமனாகவும் துரியோதனனாகவும் அதைச் சுற்றி ஓடிப் போரிடுகிறார்கள். தொடை பிளக்கிறது, பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். ஜனம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் கூத்து அங்கே முடிவதில்லை. துரியோதனனுக்காக ஒப்பாரி எழுகிறது. பாஞ்சாலியின் வெற்றியைக் காணக் காப்புக் கட்டி விரதமிருந்த ஊர், அவள் பகைவனின் சாவுக்கு ஒப்பாரி கேட்டுவிட்டுத்தான் தீ மிதிக்கப் போகிறது. இது சடங்கு, வரலாறு வேறு என்று மறுக்கலாம். போரை மேடையேற்றும் எவருக்கும் இந்தச் சடங்கு வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: தோற்றவன் வீட்டு அழுகையையும் மேடையேற்று. வரலாற்றை நடிப்பவர்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு எதற்கு?

இந்த நிபந்தனையைக் காலம் தளர்த்திவிடும் என்று நினைப்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சாளுக்கியன் புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றியை எழுதினான் பல்லவன் நரசிம்மவர்மன் என்று கூரம் செப்பேடு மெச்சிக்கொள்கிறது. பதின்மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு அதைப் படித்து யாரும் புண்படுவதில்லை. இலங்கையின் முள்ளிவாய்க்காலில் அப்படி இல்லை. 2009இல் போர் முடிந்த பிறகு புதுக்குடியிருப்புப் பக்கம் புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு சுற்றுலாக் காட்சியாயிற்று. 2013இல் தகர்க்கப்படும்வரை தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்து பார்த்தார்கள். வென்ற ராணுவமே வழிகாட்டியாக நின்றது. கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்து அதன்மேல் ராணுவத் தலைமையகம் எழுந்தது. காணாமற்போன மகனின் படத்தை ஏந்தித் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் நாட்டில் இவை நடந்தன. இழந்தவர்களைக் கும்பிட விடாமல் தடுத்துவிட்டு, வென்றவர்களை வேடிக்கை பார்க்க அழைத்துவருவது அநியாயம். அதற்கு இரண்டாம் பக்கம் கிடையாது. புலிகளின் கையால் செத்தவர்களின் வீட்டாரும் துக்கப்பட வேண்டும்தான். அந்தத் துக்கத்துக்கும் பதுங்குகுழிச் சுற்றுலா மருந்தாகவில்லை.

அந்த மக்கள் தங்களுக்கென வைத்துக்கொண்ட நினைவும் கஞ்சிதான். கடைசி மாதங்களில் அரிசியும் நீரும் உப்புமாய்க் காய்ச்சிக் குடித்ததை ஆண்டுதோறும் மே மாதத்தில் காய்ச்சித் தெருவில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இதற்காகவே பெண்களைக் கைது செய்தார்கள். போரை நடித்துக் காட்டுவதற்கு இதைவிட நேர்மையான வழி கண்ணில் படவில்லை. இதில் யாரும் யாரையும் சுடுவதில்லை, வீரன் வேடம் இல்லை. பசித்தவர் குடித்ததையே நாமும் குடிக்கிறோம். யார் பக்கத்துப் பிணம் என்று அந்தக் கஞ்சி கேட்பதில்லை.

ஆட்டமும் வெடியும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வரலாற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. புள்ளலூர்த் தூண்களைத் தேடி வருகிறவர்கள் குறைவு. அச்சரப்பாக்கத்திலோ மதுராந்தகத்திலோ ஒரு பள்ளி தன் மாணவர்களை அங்கே அழைத்துப் போகட்டும். திப்புவாகவும் பெய்லியாகவும் அவர்கள் நடிக்கட்டும். எரிந்த ஊரிலிருந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதராசுக்கு நடந்தவளாகவும் ஒருத்தி நடிக்க வேண்டும். அவளுக்கு மற்ற இருவரைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். தூண்களுக்குப் பக்கத்தில் அரசு தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். பெயர் தெரியாத சிப்பாய்களும், படையோடு போன வண்டிக்காரர்களும், பாழான ஊர்களும், பஞ்சமும், கஞ்சித்தொட்டியும் அதில் வரட்டும். அது வரும்வரை அங்கே துப்பாக்கி வெடித்துக் காட்டும் விழா எதற்கும் அந்த ஊர்க்காரர்கள் இசைய வேண்டியதில்லை.