ஒப்படைக்கப்பட்ட சொல்

ஒருவர் நம்பிச் சொன்னதை மூன்றாமவர் அறியாமல் காப்பது அறமா, அல்லது உண்மையை மறைக்கும் குற்றமா என்பது சமயங்கள் பலமுறை எதிர்கொண்ட கேள்வி. எந்தச் செய்திச் செயலியை நம்புவது என்று புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு குடும்பம் யோசிக்கும்போதும் அதே கேள்விதான் எழுகிறது.

வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்பவர், அதாவது தன் பாவங்களைக் குருவானவரிடம் அறிக்கையிடுபவர், சொன்னது குருவானவரோடு நின்றுவிட வேண்டும். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இந்த இரகசியக் காப்பைக் கடுமையான தண்டனையோடு விதித்தது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் பிரிவும் அதை மீறக் கூடாததாக வைத்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது கட்டு யார் மீது விழுகிறது என்பது. சொன்னவர் தன் கதையை ஊரறியச் சொல்லலாம். கேட்டவர்தான் வாய்திறக்க முடியாது. சொன்ன சொல் சொன்னவருக்கே உரியது, கேட்டவரிடம் அது அடைக்கலமாக மட்டுமே இருக்கிறது என்ற எண்ணம் இதன் அடியில் உள்ளது. இஸ்லாமும் இதற்கு நெருங்கிய இடத்தில் நிற்கிறது: குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் துருவித் துருவி ஆராய்வதையும் புறம்பேசுவதையும் ஒரே வசனத்தில் தடுக்கிறது. திருக்குறள் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது.

இதற்கு எதிர்ச்சான்றாக இராமானுசரைக் காட்டுவதுண்டு. குருவான திருக்கோட்டியூர் நம்பி யாருக்கும் சொல்லாதே என்று உபதேசித்த மந்திரப் பொருளை, தனக்கு நரகமே கிடைத்தாலும் சரி என்று இராமானுசர் எல்லோர்க்கும் அறிவித்ததாக வைணவ மரபு சொல்கிறது. ஆனால் அவர் திறந்துவிட்டது எல்லோரையும் கரையேற்றும் அறிவை. இன்னொருவரின் நோயையோ கடனையோ குடும்பத் துயரையோ அல்ல. பூட்டி வைத்த அறிவைப் பொதுவாக்குவது கொடை. பிறர் வேதனையைப் பொதுவாக்குவது களவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. புதுச்சேரியின் வரலாறே அதற்கு மறுப்பு. 1908-இல் பாரதியும் 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் பிரெஞ்சு மண்ணில் தஞ்சம் புகுந்தபின், ஆங்கிலேய ஒற்றர்கள் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள், கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன. அவர்கள் மடியில் இருந்த கனம் நாட்டு விடுதலை. பயம் குற்றத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக ஏற்றபோது, அதை மனித கண்ணியத்தோடு சேர்த்தே பேசினார்கள்.

கடிதம் கொண்டுபோகிறவரின் நேர்மையை நம்பியிருந்த நிலையை முனைக்கு முனை மறையாக்கம் மாற்றியிருக்கிறது. செய்தியைத் திறக்கும் சாவி அனுப்புபவர், பெறுபவர் கருவிகளில் மட்டுமே இருக்கும். நடுவில் உள்ள நிறுவனம் விரும்பினாலும் படிக்க முடியாது. குருவானவரின் மௌனம் ஒரு விரதம், இதுவோ இயலாமை. காட்டிக்கொடுக்க முடியாதவனைப் புகழ்வதற்கு ஒன்றுமில்லைதான். ஆனாலும் தூதுவனுக்கு அந்தச் சோதனையே வராமல் தடுப்பது நல்ல ஏற்பாடு.

செயலிகளை இந்த அளவுகோலால் பார்த்தால் வேறுபாடு தெரியும். சிக்னல் செயலியின் மறையாக்க நெறிமுறையையே வாட்ஸ்அப் 2016-இல் முழுமையாக ஏற்றது; ஆனால் யார், எப்போது, யாரோடு பேசினார் என்ற விவரங்கள் அதன் நிறுவனத்துக்குத் தெரிய வாய்ப்புண்டு. மேகக்கணினியில் சேமிக்கும் நகலுக்கான மறையாக்கத்தைப் பயனர்தான் இயக்க வேண்டும். டெலிகிராமில் எழுத்துச் செய்திகளுக்கு, இரகசிய உரையாடல் என்று தனியாகத் தொடங்கினால் மட்டுமே முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. ஜோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலி 2025-இல் பரவியபோது அழைப்புகளுக்கு இருந்த அந்தக் காப்பு வழக்கமான எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. 2016-இல் அமெரிக்க விசாரணை ஒன்றில் பயனர் விவரம் கேட்கப்பட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர சிக்னலிடம் கொடுக்க எதுவும் இல்லை. இரகசியம் காப்பவர் தேவைக்கு மேல் அறிந்துகொள்ளாமலிருப்பதும் அறத்தின் பகுதி என்றால், அந்த வகையில் சிக்னலே முன்னிற்கிறது.

குற்றம் செய்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற அரசின் கேள்வியும் பொய்யானதல்ல. புதுச்சேரி மீதும் அதிகாரம் உள்ள சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018-இல் தொடங்கிய வழக்கில், இணைய வசைக்கும் வதந்திக்கும் மூலம் எவர் என்று கண்டறிய வழி கேட்கப்பட்டது. முதல் அனுப்புநரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்க்கலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி யோசனை தந்தார்; 2019-இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குற்றவாளிக்காக எல்லோரின் சொல்லிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினால், அடைக்கலம் தேடிப் பேசும் பெண்ணும் பேசாமலிருந்துவிடுவாள். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

மறையாக்கத்தின் காவல் கருவியின் திரையோடு முடிகிறது. கிராமத்து வீடுகளில் ஒரே கைபேசியைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று பலர் எடுப்பதுண்டு. பெறுபவர் திரையைப் படமெடுத்து அனுப்பவும் முடியும். ஆகவே செயலிக்குத் தனிப் பூட்டு, குறித்த நேரத்தில் தானாக அழியும்படி இருவரும் பேசி ஒப்புக்கொண்ட மறையும் செய்தி ஆகியவை வேண்டும். உடல்நலம், மணவாழ்வு பற்றிய பேச்சுக்கு மறையும் செய்தி பொருந்தும். மகளிர் சுயஉதவிக் குழுவின் தவணைக் கணக்கை அப்படி மறைய விடக் கூடாது. அது குழுவினர் எல்லோரும் எப்போதும் பார்க்க உரிமையுள்ளது.