வினைப்பயனாய பிணிக்கு உதவுதல் முறையோ?

வறுமையும் பிணியும் முன்வினைப் பயன் என்பது சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாயின், நுகர்ந்தன்றிக் கழியாத பிராரத்தத்தைப் பிறனொருவன் இடைபுகுந்து நீக்க முயலுதல் முறையாமோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா நூலறிவால் எழுவதேனும், நெஞ்சின் வன்மைக்கு மறைவிடமாதலும் உண்டு. அடியேனும் ஒருகால் அதனுள் மறைந்தவனே.

என்பாற் பாடங் கேட்ட நெசவாளர் ஒருவர் காசநோயுற்றார். மருந்து அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைத்தது. ஆயினும் தறியில் அமராத நாளிற் கூலியில்லை. கூலியில்லாத நாளிற் சோறில்லை. இரண்டு திங்களில் இருமல் தணியவே, மருந்தை விடுத்துத் தறிக்குச் சென்றார். தம் இடர்ப்பாட்டை என்னிடம் கூறியபோது, "வினைப்பயன், பொறுத்தல் வேண்டும்" என்று விடை கொடுத்தேன். நோய் மீண்டது. அந்நோய்க்குக் குறைந்தது ஆறு திங்களேனும் இடையறாது மருந்துண்ணல் வேண்டும். இடையில் விடுவோர்க்கு, அம்மருந்துக்கு அடங்காத நோயாக அது மாறுதலுங் கூடும். அன்று அவருக்கு வேண்டியிருந்தது வினைக்கொள்கையன்று. வேளைக்குச் சோறும், மருத்துவமனைக்கு உடன்செல்ல ஓர் ஆளுமே.

இனி விடை கூறுதும். வினைக்கீடாகத் தனு கரண புவன போகங்களை உயிர்க்குக் கூட்டுவிப்பவன் இறைவன். நோய் அவ்வாற்றான் வந்ததாயின், மருந்தும் மருத்துவனும் உதவுவானும் அவ்வாற்றானே வருதல் ஏன் கூடாது? பிறனது பிராரத்தம் எத்துணைத்து, எந்நாளில் முடியும் என்பதை நாம் அறிவதில்லை. நாம் அறிவது ஒன்றே: அவன் படுந்துன்பம் அவனது பிராரத்தம்; அதனைக் கண்டு நாம் செய்வதும், செய்யாது விடுவதும் நமது ஆகாமியம். ஆதலின் வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்தற்கு உரியதேயன்றிப் பிறனைக் கைவிடுதற்கு உரியதன்று.

நம் குரவர் காட்டிய நெறியும் இதுவே. கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, சம்பந்தர் வினையென்று வாளாவிராது திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது அவரும் நாவரசரும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். புறச்சமயம் புக்க தம்பி சூலைநோயோடு மீண்டபோது, திலகவதியார் "நின் வினை" எனக் கடிந்திலர். திருநீறளித்து வீரட்டானத்துக்கு உடன் அழைத்துச் சென்றார்.

நோயுற்றார்க்கும் ஒன்று கூறுவேன். உதவி கேட்டற்கு நாணற்க. குண்டையூரிற் பெற்ற நெல்லைக் கொண்டுசெல்ல ஆள் வேண்டிச் சுந்தரர் திருக்கோளிலிப் பெருமானையே கேட்டனர்.

காசநோயாளர்க்குச் சிகிச்சைக் காலத்து உணவின்பொருட்டு, இந்திய அரசு 2018 முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் வழங்கிற்று. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாயிற்று. தொகை வங்கிக் கணக்கிற் சேர்வதாகலின், கணக்கில்லாதாரும் எழுத்தறியாதாரும் அதனை இழத்தல் கூடும். அவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் நம்மனோர்க்கு அரிதன்று. மடங்களில் நிகழும் அன்னதானம் பந்தியோடு நில்லாது, எழுந்துவர இயலாத நோயாளியின் இல்லத்துக்கும் செல்லுதல் வேண்டும்.

அந்நெசவாளர் இரண்டாம் முறை மருந்துண்டபோது, அத்தெருவினர் முறைவைத்து உணவு கொடுத்தனர், நோய் நீங்கிற்று. அம்முறையில் ஒருநாள் எனதாயிருந்தது. முன்னர்ச் சொன்ன சொல்லுக்கு அஃது ஈடாகாது என்பதை அறிவேன்.