கயிற்றை இழுக்க யாருக்கு உரிமை?

குறையைச் சொல்வது மரியாதைக் குறைவா? ஆலய நிர்வாகத்தில் தொண்டு செய்யும் இளைஞர்களும், அப்பாவின் கடையில் உதவிக்கு நிற்பவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

பொறியியல் மாணவர்களுக்கு 'கைசென்' என்ற ஜப்பானியச் சொல் ரொம்பப் பழக்கம். விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்திக்கொண்டே போவது அது. இதற்குப் பேர்போன டொயோட்டா தொழிற்சாலைகளில், வேலை நடக்கும் வரிசை நெடுக ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். கோளாறு தெரிந்தால் சாதாரணத் தொழிலாளிகூட அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வருவார். குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியலைன்னா வரிசையே நின்றுவிடும். அங்கே முதல் கேள்வி 'யார் செஞ்சது?' இல்ல, 'ஏன் நடந்தது?'

நம்ம மளிகைக்கடையில் எந்தச் சாமான் விற்காமலே காலாவதியாகுதுன்னு அலமாரி அடுக்கும் பையனுக்குத் தெரியும். முதலாளி கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. கோயிலில் பயம் இன்னும் ஒரு படி கூடுது. அன்னதானச் சாப்பாடு வீணாகுதுன்னு சொன்னால், சாமி காரியத்திலேயே குறை கண்ட மாதிரி ஆகிடும்.

யோசிச்சுப் பாருங்க நண்பர்களே. இறைவன் குறையில்லாதவன், நாம் செய்யும் ஏற்பாடு அப்படியில்லை. நம் மரபுக்கே இது தெரியும். பூசை முடிவில், செய்த பிழையைப் பொறுக்கும்படி வேண்டுகிறோம். பொதுவாக 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துகிறோம். கட்டடம் பழுதாகும்னு ஒத்துக்கொள்ளும் நாம், பழக்கமும் பழுதாகும்னு ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

பெரியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. வாட்ஸ்அப்பில் குறை சொல்லிட்டு, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் நேரத்தில் காணாமல் போகிறவர்களை அவங்க நிறையப் பார்த்துட்டாங்க. கயிற்றை இழுத்த தொழிலாளி வீட்டுக்குக் கிளம்புவதில்லை. தன் இடத்திலேயே நின்று, சரிசெய்ய உதவுகிறார். சொல்லும் உரிமையும் செய்யும் கடமையும் சேர்ந்தேதான் வரும்.

அடுத்த திருவிழா முடிந்ததும், பாத்திரம் கழுவும் இடத்திலேயே பத்து நிமிஷம் பேசுவோம். எவ்வளவு சமைச்சோம், எவ்வளவு மீந்ததுன்னு எழுதி வைப்போம். அடுத்த முறை அரிசி அளக்கும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்ப்போம். தலைவர் ஐயாவும் ஒரு வார்த்தை கேட்கட்டும்: "தம்பி, எங்கே சிக்கல்?" அவர் கேட்டால்தான், இழுப்பதற்கு ஒரு கயிறு இருக்கிறது என்பதே நமக்குத் தெரியும்.