வாடகை வீட்டுப் பூட்டு

நாவல் ஒன்றை முடிப்பதற்காக ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தேன். மாலையில் ஏரிக்கரைப் பக்கம் உலவப் புறப்படும்போது மேஜை இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். மூன்றாம் நாள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கேட்டே விட்டார்:

"ஏனுங்க ஐயா, இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒரு குண்டூசி காணாமப் போனதில்லீங்க. எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு நடந்தேன். ஆனால் கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. நல்லவர் வீட்டில் பூட்டுப் போடுவது அவரை அவமதிப்பதாகுமா?

இழுப்பறையில் இருந்தது பணமல்ல. பதில் எழுதுவதற்காகக் கொண்டுவந்திருந்த வாசகர் கடிதங்கள். கதை எழுதுகிறவனுக்குப் பாராட்டு மட்டும் வருவதில்லை. கணவனிடமும் தாயிடமும் சொல்ல முடியாததை, முகம் தெரியாத என்னிடம் கொட்டிவிடுகிற பெண்கள் உண்டு. இருபது வருஷக் கடிதங்களைப் படமெடுத்து, என் கதைகளோடு சேர்த்து, வாடகை சர்வர் ஒன்றில் வைத்திருந்தேன்.

சர்வர் என்பது ஆகாயத்தில் மிதக்கிற மேகமன்று. சென்னை அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருப்பவை போன்ற கட்டடங்களில், குளிரூட்டிய அறைகளில், இரவும் பகலும் ஓடுகிற யந்திரம். அதில் ஒரு மூலையை நமக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வீடு அவர்களுடையது, பெட்டி நம்முடையது.

அந்தத் தொழிலில் இருக்கும் என் அக்காள் மகன் மறுநாள் வந்தான். லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே விசாரித்தேன்.

"பூட்டு இருக்கு மாமா. ஆனா சாவி வீட்டுக்காரன்கிட்ட இல்ல இருக்கு!" என்றான்.

பிறகு விளக்கினான். சர்வரிலேயே சங்கேதமாக்கி வைத்தால், அதன் வட்டைத் திருடிப் போகிறவனுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் அதைப் படிக்க வேண்டுமானால், சாவி அதன் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். யந்திரத்துக்கு உடையவன் நினைத்தால் அதை எடுத்துவிடலாம். நம் கம்ப்யூட்டரிலேயே பூட்டி, மூட்டையை மட்டும் அனுப்பி, சாவியை நாமே வைத்துக்கொண்டால்தான் அது பூட்டு. பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் கெடுதலில்லை, சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும் என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் எழுதிவைத்தாராம். 2001-இல் அமெரிக்கா தரமாக ஏற்றுக்கொண்ட ஏ.இ.எஸ். முறையும் உலகறிய வெளியிடப்பட்டதுதான்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் இருப்பது என் கனமில்லையே! என் ரகசியத்தை நான் ஊருக்கெல்லாம் இறைக்கலாம். அது என் தாராளம். பிறர் ரகசியத்தில் தாராளம் காட்டினால் அதற்குப் பெயர் துரோகம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அதே சமயம், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகச் சங்கேதத்தைத் திறக்க உதவும்படி உத்தரவிட, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆம் பிரிவில் அரசுக்கு இடமளிக்கிறது. இருக்கட்டும். சாவி என்னிடம் இருந்தால் அந்தக் கேள்வி என் வாசலுக்கு வந்தாக வேண்டும். எனக்குத் தெரியாமல் வீட்டுக்காரன் வாசலிலேயே முடிந்துபோகாது.

மறுநாள் காலை பெரியவரிடம் சொன்னேன்: "உள்ளே இருக்கிறது என்னோடதில்லீங்க. மத்தவங்க நம்பிக் கொடுத்தது."

"அப்பப் பூட்டத்தானுங்க வேணும்" என்றார், யோசிக்காமல்.

ஊருக்குத் திரும்பியதும் பழையதை அழித்து, இரண்டு மூட்டைகளாகப் பூட்டி அனுப்பினேன். இந்தச் சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி செய்ய ஆசாரி கிடையாது, அத்தனையும் போனதுதான். ஆகையால் கதைகளின் சாவியை ஒரு காகிதத்தில் எழுதி என் மனைவியிடம் கொடுத்தேன்.

"கடுதாசிகளோட சாவி?" என்றாள்.

கொடுக்கவில்லை. ஏற்காட்டுப் பெரியவர் பார்த்த அதே பார்வையை அவளும் பார்த்தாள். அவளைவிட நான் நம்பும் மனுஷி உலகில் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் நம்பியது அவளையல்லவே. அந்தச் சாவி என்னோடு போகட்டும்.