கதையாசிரியன் கேட்கும் தவணை

தொடர்கதை எழுதுவோர் அத்தியாயத்தை ஓர் ஆபத்தின் விளிம்பில் நிறுத்தி, ‘தொடரும்’ என்று எழுதி முடிக்கின்றனர். தொலைக்காட்சித் தொடர்களும் நாள்தோறும் அதையே செய்கின்றன. இதனை வெறும் உத்தி என்று சொல்லி நாம் கடந்து சென்றுவிடலாம். ஆயினும், பிறர் மனத்தில் வேண்டுமென்றே ஒரு தவிப்பை உண்டாக்கி, அதைத் தீர்க்காமலே அவரை அனுப்பிவைப்பது முறையாகுமா என்ற வினா இதனுள் அடங்கியிருக்கிறது. அது இலக்கிய வினா மட்டுமன்று, ஒழுக்க வினாவுமாகும்.

அரபு இலக்கியத்தில் இவ்வுத்திக்குப் புகழ்பெற்ற சான்று ‘அல்ஃப் லைலா வ லைலா’ எனும் ஆயிரத்தொரு இரவுகள். பக்தாதின் புத்தக வணிகர் இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ நூலில், இதற்கு முன்னோடியான பாரசீகக் கதைநூலைக் குறிப்பிடுகிறார். இரவு முடியும் வேளையில் ஷஹ்ரஸாத் கதையை இடையில் நிறுத்த, மிச்சத்தைக் கேட்கும் ஆவலால் மன்னன் அவளை உயிரோடு விட்டுவைத்த செய்தியும் அங்கே உண்டு. எனினும் அந்நூலை அவர் மெச்சவில்லை, சுவையற்றதென்றே ஒதுக்குகிறார். ஆவலைத் தூண்டுவது ஒன்றினாலேயே ஒரு நூல் உயர்ந்துவிடாது என்பதற்கு அவருடைய தீர்ப்பு தக்க எச்சரிக்கையாகும்.

அப்படியாயின் எங்கே நிறுத்துவது தகும்? பிரெஞ்சு அறிஞர் கலானுக்குக் கிடைத்த சிரியா நாட்டுக் கையெழுத்துப் பிரதியை முஹ்ஸின் மஹ்தி 1984இல் பதிப்பித்தார். அதில் முதல் இரவின் கதையைப் பார்ப்போம். வணிகன் ஒருவன் பேரீச்சம்பழம் தின்று கொட்டையை எறிகிறான். அது பட்டு, அவன் கண்ணுக்குப் புலப்படாத ஜின்னின் மகன் மாண்டுபோகிறான். பழிவாங்க வந்த ஜின் வாளை ஓங்குகிறது. அவ்வேளையில் பொழுது விடிகிறது, கதை நிற்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மன்னனோ, குற்றமற்ற பெண்களை நாளும் வாளுக்கு இரையாக்குபவன். ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று தவிக்கும் அவன் முன்னே, ‘இந்த வாள் இறங்குவது நீதியா?’ என்ற வினாவும் நிற்கிறது. ஆபத்து மட்டும் இருக்கும் இடத்தில் நிறுத்துவது எளிது. அறம் ஊசலாடும் இடத்தில் நிறுத்துவதே சிறப்பு.

கதை மேலும் செல்கிறது. அவ்வணிகன் உயிரை இரந்து ஓடிவிடவில்லை. கடன்களை அடைத்து வரத் தவணை கேட்கிறான்; சத்தியம் செய்கிறான்; உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டுக் குறித்த நாளில் அதே இடத்திற்குத் திரும்பி வருகிறான். கதையை இடையில் நிறுத்தும் எழுத்தாளனும் தவணை கேட்பவனே என்று நாம் கருதுகிறோம். ‘தொடரும்’ என்ற சொல் ஒரு வாக்குறுதி.

திருமறையைக் கதை நூல்களோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் சூரத்துல் கஹ்ஃபில் வரும் வரலாறு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. தாமே சொல்லும்வரை எதையும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஹிள்ரு (அலை) அவர்கள் மூஸா (அலை) அவர்களை உடன் அழைத்துச் சென்றார்கள். மரக்கலம் சேதப்படுத்தப்பட்டது, சிறுவன் கொல்லப்பட்டான், விருந்தளிக்க மறுத்த ஊரில் சாய்ந்த சுவர் கூலியின்றி நிமிர்த்தப்பட்டது. மூன்றும் புதிர்கள். மூஸா (அலை) அவர்களால் பொறுத்திருக்க இயலவில்லை, பிரிவு நேர்ந்தது. ஆனால் பிரியுமுன் மூன்றுக்கும் விளக்கம் தரப்பட்டது. நிபந்தனை மீறப்பட்டதைக் காரணம் காட்டி ஒரு விளக்கமேனும் மறுக்கப்படவில்லை. விளக்கம் வந்தபோது, புதிராய் இருந்தவை ஞானமாயின.

இன்றைய தொடர்களில் நாம் காண்பதென்ன? கதவு திறக்கிறது, கத்தி பளிச்சிடுகிறது, அத்தியாயம் முடிகிறது. அடுத்த வாரம் பார்த்தால், வந்தவர் காய்கறி நறுக்க வந்த மாமியார்! இது கள்ள நாணயம். வேறு சிலர் ஒரு புதிரை அவிழ்க்காமல் அதன்மேல் இன்னொன்றைக் கட்டுகின்றனர். இது கடனை வாங்கிக் கடனை அடைப்பது.

வாசகர் விரும்பித்தானே படிக்கிறார், இதில் குற்றமென்ன என்று கேட்பாருண்டு. கடன் கொடுப்பவரும் மனமுவந்தே கொடுக்கிறார். அதனால் வாங்கியவன் பொறுப்பு குறைந்துவிடுமா? மேலும், வாசகர் நமக்குத் தருவது பொருளன்று, ஆயுளின் ஒரு பகுதி. அடுத்த இதழ் வரும்வரை இருப்போம் என்பதற்கு எழுதுவோருக்கும் உறுதியில்லை, படிப்போருக்கும் உறுதியில்லை.

ஆதலால், விடையைத் தம்முள் தேடிக் கண்ட பின்னரே எழுத்தாளர் வினாவை எழுப்புதல் வேண்டும். காத்திருந்தவர், காத்திருந்த அளவுக்கேனும் பெற்றுச் செல்லுதல் வேண்டும். அந்த உறுதி உள்ளவர் கதையை எந்த விளிம்பிலும் நிறுத்தலாம். அது இல்லாதவர் எழுதும் ‘தொடரும்’, திருப்பித் தரும் எண்ணமின்றி வாங்கிய கடனேயாகும்.