தக்!

கோபன்ஹேகனில் ஒரு வீட்டில் உங்களுக்கு விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு பரிமாறுகிறார்கள். நீங்கள் 'தக்' என்கிறீர்கள். டேனிஷ் மொழியில் நன்றி. சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, சாப்பாட்டுக்காக மறுபடி ஒரு தக். அடுத்த வாரம் அவர்களைத் தெருவில் பார்த்தால், அன்றைக்குச் சந்தித்ததற்கும் ஒரு தக். காசா பணமா, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்!

பக்கத்து நாடான ஸ்வீடனில் கொஞ்சம் ஜாக்கிரதை. குறிலாகத் 'தக்' என்றால் நன்றி. நெடிலாக இழுத்துத் 'தாக்' என்றால் வீட்டுக் கூரை. பால்டிக் கடலைத் தாண்டிப் போலந்துக்குப் போனால் 'தக்' என்பது 'ஆமாம்'. உக்ரைனிலும் ஆமாம்தான். ரஷ்யாவில் 'அப்படி'. டேனிஷ் தக்குக்கும் போலந்து தக்குக்கும் எந்த உறவும் கிடையாது. வேறு வேறு வேர்கள், தற்செயலாக ஒரே சத்தம்.

சரி, மொழி மாறினால் அர்த்தம் மாறுகிறது. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். என் கேள்வி வேறு. ஒரே அர்த்தம் உள்ள ஒரு 'ஆமாம்', எல்லா இடத்திலும் ஆமாம்தானா?

1946 ஜூன் 30. போலந்தில் மக்களிடம் வாக்கெடுப்பு. மூன்று கேள்விகள். 'மூன்று முறை தக்!' என்று கம்யூனிஸ்டுகள் ஊரெல்லாம் பிரசாரம் செய்தார்கள். முதல் கேள்விக்கு 'இல்லை' சொல்லுங்கள் என்று கேட்ட விவசாயிகள் கட்சியின் ஆட்கள் பலர் கைதானார்கள். அந்தக் கேள்விக்கே 68 சதவிகிதம் பேர் 'தக்' சொன்னதாக அரசு அறிவித்தது. கணக்கே பொய். 1989-க்குப் பிறகு வெளிவந்த ஆவணங்கள் மோசடியை உறுதி செய்தன.

2004, உக்ரைன். ஜனாதிபதி வேட்பாளர் யுஷ்செங்கோவின் கோஷமும் இதே ஒற்றைச் சொல்தான்: 'தக்!' நவம்பர் 21 வாக்குப்பதிவில் தில்லுமுல்லு என்று தெரிந்ததும், ஜனங்கள் ஆரஞ்சுத் துணியைக் கட்டிக்கொண்டு கீவ் நகரச் சதுக்கத்தில் பனியில் நின்றார்கள். டிசம்பர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. 26-ம் தேதி மறுபடி வாக்களித்து அவரை ஜெயிக்கவைத்தார்கள்.

இரண்டும் தக்தான். முதலாவது, மேலேயிருந்து எழுதிக்கொடுத்த தக். இரண்டாவது, தங்கள் ஓட்டைத் திருடவிடாதவர்கள் சொன்ன தக்.

டென்மார்க்குக்கே திரும்புவோம். 1975-ல் அங்கே ஒரு பேட்ஜ் பிறந்தது. சிரிக்கும் சிவப்புச் சூரியன். சுற்றிலும், 'அணுசக்தியா? நை, தக்'. அதாவது, 'வேண்டாம், நன்றி'. அரசாங்கத்தையே மறுக்கிறார்கள், அதுவும் சிரித்த முகத்தோடு. 1985-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம், மின்சாரத் திட்டத்திலிருந்து அணுசக்தியைக் கைவிட்டது. அணுசக்தி நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். 'வேண்டாம்' என்று சொன்னவர்கள் வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பினார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம். அப்படிப்பட்ட ஊரில் யாராவது 'ஆமாம்' சொன்னால் நம்பலாம்.

இது தேசங்களின் சமாச்சாரம் மட்டும் இல்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்று பெண்ணிடம் கேட்கிறோம். அவளும் "சரிப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று ஊழியரிடம் கேட்கிறோம். அவரும் "சரி சார்" என்கிறார். பிரியத்தில் சொல்லும் சரி உண்டு, பயத்தில் சொல்லும் சரியும் உண்டு. காதுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அகராதி உதவாது. அடுத்த முறை உங்களிடம் யாராவது 'சரி' என்றால், உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்.

இவர் 'முடியாது' என்று சொல்லியிருந்தால், நான் என்ன செய்திருப்பேன்?