விரதத்தைக் கந்தன் பார்த்துக்கொள்வான்

? கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறேன். இப்போது ஏழாவது வாரம். மாதாமாதம் சஷ்டி விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டபிறகுதான் இது தங்கியது. ஆனால் கற்பூர வாசனை பட்டாலே குமட்டுகிறது. பட்டினி கிடந்தால் கண் இருட்டுகிறது. சொன்ன சொல் தவறினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, மணப்பாறை

முதலில் எழுந்துபோய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் அம்மா. பதில் எங்கும் ஓடிவிடாது.

உங்களுக்குத் திருக்கருகாவூர்த் தலவரலாறு தெரிந்திருக்கும். முல்லை வனத்தில் நித்துருவர் என்ற முனிவரும் அவர் மனைவி வேதிகையும் இருந்தார்கள். வேதிகை கர்ப்பமாக இருந்த நேரம். கணவர் வெளியே போயிருந்தார். வாசலில் ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சைக்கு வந்து நின்றார். களைத்துப் படுத்திருந்த அவளால் எழுந்து வர முடியவில்லை. அவமதித்துவிட்டாள் என்று முனிவர் சபிக்க, கரு கலையத் தொடங்கியது. அவள் அம்பிகையைக் கூப்பிட்டாள். அம்பிகை அந்தக் கருவை ஒரு குடத்தில் ஏந்திக் காத்து, நைதுருவன் என்ற பிள்ளையாகக் கையில் கொடுத்தாள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் குடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. அதிதி பூஜை இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட கடமை. வேதிகை அதைச் செய்யவில்லை. தவறிய கடமைக்குக் கணக்குக் கேட்டவர் முனிவர். அம்பாள் கேட்கவில்லை. எழுந்திருக்க முடியாதவள் பக்கம்தான் அவள் நின்றாள். இதற்குமேல் உங்களுக்கு என்ன சாஸ்திரப் பிரமாணம் வேண்டும்? உபவாசம் என்று வரும்போது குழந்தைகள், முதியவர், நோயாளி, கர்ப்பிணி ஆகியோரை விலக்கி வைப்பதுதான் நம் பெரியவர்களின் வழக்கம். முருகன் தவணை தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வட்டிக்கடைக்காரர் அல்ல.

மனசு கேட்கவில்லை என்றால், ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்தடியில் வையுங்கள். பிள்ளை பிறந்து, பால்குடி மறந்து, உடம்பு தேறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதுவரை உங்கள் கணவர் உங்களுக்காகச் சஷ்டி இருக்கட்டும். கற்பூரம் வேண்டாம், ஒரு பூ போதும். அந்தப் பூவின் வாசனையும் ஆகவில்லையா, கையெடுத்துக் கும்பிடுங்கள்.

குமட்டல் பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் அடங்கும். வெறும் வயிறுதான் அதற்குப் பரம எதிரி. தலைமாட்டில் பொரியோ ரஸ்கோ வைத்துக்கொண்டு, படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே இரண்டு வாய் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். டாக்டர் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரை காலையில் தங்கவில்லை என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் மற்ற வாசகிகளுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழல், கரு தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்து நாம் யோசிப்பதற்குள் அந்த வேலை பாதி முடிந்துவிடும். அதனால்தான் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை, கர்ப்பத்துக்கு முயலும்போதே தொடங்கச் சொல்கிறார்கள். வேண்டுதலோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

? திருக்கருகாவூர்ப் பிரசாத நெய்யை நானும் கணவரும் சாப்பிட்டு வந்தோம். இப்போது கரு உறுதியாகிவிட்டது. அங்கே கொடுக்கும் விளக்கெண்ணெயையும் இப்போதே ஒரு ஸ்பூன் குடிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. குடிக்கலாமா?
— வாசகி, ஓசூர்

கூடவே கூடாது. கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் மந்திரித்துத் தரும் நெய், கரு தங்குவதற்காகத் தம்பதியர் உட்கொள்வது. விளக்கெண்ணெய் சுகப்பிரசவத்துக்காக, கடைசி மாதங்களில், வலி தெரியும்போது அடிவயிற்றில் தடவிக்கொள்வது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். விளக்கெண்ணெயை வயிற்றுக்குள் விட்டால் பேதியாகும், கருப்பையும் சுருங்கத் தொடங்கலாம்.

கோயிலுக்கு இப்போதே ஓடிவர வேண்டும் என்பதும் இல்லை. ஓசூரிலிருந்து தஞ்சைப் பக்கம் பாபநாசம் வந்து, அங்கிருந்து வெட்டாற்றங்கரைக்குப் போவது வாந்தி எடுக்கும் பெண்ணுக்குச் சின்னப் பயணம் அல்ல. அங்கே மூலவர் முல்லைவனநாதர் புற்றுமண் லிங்கம். நீர் பட்டால் கரையும் என்பதால் அபிஷேகம் செய்யாமல் புனுகு சாத்துகிறார்கள். சுவாமிக்கே அவர் உடம்புக்கு ஏற்றபடி வழிபாட்டை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

? மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும் என்கிறார் மாமியார். வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியரிடம்கூடச் சொல்லவில்லை. இது சரியா?
— வாசகி, உளுந்தூர்பேட்டை

மாமியார் சொல்வதில் பாதி நியாயம். சடங்குகளின் வரிசையைப் பாருங்கள். பும்சவனம் மூன்றாம் மாதத்தில் வருகிறது, சீமந்தம் அதற்கும் பிறகு, வளைகாப்பு ஏழிலோ ஒன்பதிலோ. முதல் இரண்டு மாதத்தில் ஊரைக் கூட்டிச் செய்யும் சடங்கு எதையுமே வைக்கவில்லை. கரு நிலைக்காமல் போவது பெரும்பாலும் பன்னிரண்டு வாரத்துக்குள்தான் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் வைத்த வழக்கமாக இருக்கலாம். (ஆண் பிள்ளை வேண்டிச் செய்வதே பும்சவனம் என்பதை நான் எப்போதும் கொஞ்சம் சங்கடத்தோடுதான் கடந்துபோவேன். பெண் பிறந்தால் என்ன குறை?)

ஆனால் ஊருக்குச் சொல்லாமல் இருப்பது வேறு, செவிலியருக்குச் சொல்லாமல் இருப்பது வேறு. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைப்பதற்கும் அந்தப் பதிவுதான் வழி. ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு எல்லாம் தெரிய வருவதும் அந்த முதல் பரிசோதனையில்தான்.

லேசாக ரத்தம் படுவது நாலில் ஒரு பெண்ணுக்கு நடக்கிறது. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. இருந்தாலும் காட்டிவிடுங்கள். ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்று வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் ராகு காலம் கழியட்டும் என்று வாசலில் நிற்காதீர்கள்.

? எட்டாவது வாரம் ஆகிறது. பிரகலாதனைப்போல என் குழந்தைக்கும் இப்போதே சுலோகம் கேட்குமா?
— வாசகி, அம்பத்தூர்

இப்போது கேட்காது. காது கேட்கும் நிலைக்கு வருவதே ஐந்தாம் மாதத்தை ஒட்டித்தான். கர்ப்போபநிஷத்தும் ஓரிரவில் கலலம், ஏழிரவில் குமிழி, அரை மாதத்தில் பிண்டம், ஒரு மாதத்தில் கெட்டிப்படும், இரண்டு மாதத்தில் தலை உண்டாகும் என்றுதான் படிப்படியாகப் போகிறது. அன்றே ஸ்கேன் கண்டுவிட்டார்கள் என்று நான் மார்தட்ட மாட்டேன். கரு வளர்வதற்குக் காலம் வேண்டும் என்ற பொறுமை அதில் இருக்கிறது. பிரகலாதனின் தாய் கயாதுவுக்கு நாரதர் உபதேசம் செய்தது, அவள் பயந்து கலங்கியிருந்தபோது அடைக்கலம் கொடுத்த ஆசிரமத்தில். நீங்களும் உங்கள் மனசு அமைதியாவதற்காகச் சொல்லுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். இந்த வாரங்களில் அசதி மிக அதிகம்.

? ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. ஒரு துக்க வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் அது. நாகதோஷம் என்கிறார் ஜோசியர். பரிகாரத்துக்குப் பெரிய தொகை சொல்கிறார். நான் செய்த பாவமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இல்லை தாயே. துக்க வீட்டுக்குப் போனதாலும் இல்லை, குடம் தூக்கியதாலும் இல்லை, பப்பாளித் துண்டாலும் இல்லை. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படி நின்றுவிடுகின்றன. ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உருவானபோதே குரோமோசோம்கள் சரியாகச் சேராததுதான் காரணம். நீங்கள் எதைச் செய்திருந்தாலும், செய்யாதிருந்தாலும் அது மாறியிருக்காது.

மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், ஒரு பிறவி வெளியே வருவதற்குமுன் கருப்பைக்குள் மாதம்மாதமாக எத்தனை ஆபத்துகளைத் தப்ப வேண்டியிருக்கிறது என்று அடுக்குகிறார். அந்த அடுக்கில் எங்கேயும் தாயின் மேல் குற்றம் வைக்கவில்லை.

கடன் வாங்கிப் பரிகாரம் செய்யாதீர்கள். சர்ப்ப வழிபாட்டில் நம்பிக்கை இருந்தால் அரசமரத்தடி நாகருக்கு மஞ்சளும் பாலும் போதும். அந்தப் பணத்தை வைத்திருங்கள். மறுபடியும் இப்படி நேர்ந்தால் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியிருக்கும். அழுகை வந்தால் அழுங்கள். ஒன்பது வாரம்தானே என்று சொல்கிறவர்களிடம் பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

? மனைவிக்கு இது மூன்றாம் மாதம். நான் முடி வெட்டக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது, கடலில் குளிக்கக்கூடாது என்கிறார்கள். ஆபீசில் தாடியோடு போக முடியவில்லை.
— வாசகர், காட்பாடி

பல குடும்பங்களில் இந்தக் கட்டுப்பாடுகள் ஆறு, ஏழு மாதத்துக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிழைப்புக்காகச் சவரம் செய்துகொள்வதில் தோஷமில்லை. கடலுக்குப் போகாதே என்பதில், இந்த நேரத்தில் நீ ஆபத்தில் மாட்டிக்கொள்ளாதே என்ற அக்கறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஸ்கேன் அன்றைக்கு லீவு போட்டுக் கூடவே போங்கள். தாளிக்கும் வாசனை அவருக்கு ஆகாது. சமையலை நீங்கள் எடுத்துக்கொண்டு, வெங்காயம் வதக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்திவிடுங்கள்.